காசு கொடுத்தது யார்? இங்கிலாந்து ஊர்களின் பழைய கட்டடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், இங்கே பழைய ஆவணங்களில் எங்கு பார்த்தாலும் 'பாரிஷ்' என்று வருகிறது. அது தேவாலயமா, ஊராட்சியா?

பதில்: இரண்டும்தான். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லையாகத்தான் அது தொடங்கியது. 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டியது. வீடு, நிலம் உள்ளவர்களிடம் வரி வாங்கி, தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் "இவர் எங்கள் பாரிஷ் இல்லை" என்று ஊருக்கு ஊர் தள்ளிவிட்டு வழக்காடிய கதைகள் ஏராளம். அந்த வழக்குக் காகிதங்களில்தான் சாமானியர்களின் வாழ்க்கை அதிகம் தெரிகிறது. 1894-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்கள் வந்தன. இன்று ஒரே பெயரில் தேவாலயப் பாரிஷ், ஊராட்சிப் பாரிஷ் என்று இரண்டு இருந்து, எல்லை மட்டும் வேறாக இருக்கலாம்.

கேள்வி: சஃபோக்கில் லாவன்ஹம் போயிருந்தோம். ஊர் சின்னது, தேவாலயமோ பிரம்மாண்டம். வீடுகள் எல்லாம் கோணல்மாணலாக நிற்கின்றன. என்ன கதை?

பதில்: ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் எந்த நூற்றாண்டு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். காசு கொடுத்தது யார் என்று கேட்டால் கதை தானாக வரும். லாவன்ஹமில் கொடுத்தவர்கள் துணி வியாபாரிகள். நீலச் சாயமிட்ட கம்பளித் துணிக்கு அந்த ஊர் பெயர்பெற்றது. 1520-களின் வரிக்கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் அதுவும் ஒன்று. தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரி 1523-இல் இறந்தபோது, தேவாலயக் கோபுரத்தை முடிக்க உயிலில் பணம் எழுதிவைத்தார். கோபுரத்தின் உயரம் 141 அடி. அதில் ஸ்பிரிங் குடும்பத்தின் சின்னமும் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டு பிரபுக்களான டி வியர் குடும்பத்தின் நட்சத்திரமும் இருக்கிறது. பிரபுவும் வியாபாரியும் ஒரே கட்டடத்தில் விளம்பரம் செய்துகொண்ட மாதிரி!

அப்புறம் தொழில் படுத்துவிட்டது. நெதர்லாந்துப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் கோல்செஸ்டரில் மெல்லிய, மலிவான துணி நெய்தார்கள். லாவன்ஹமின் கனத்த துணியை வாங்க ஆளில்லை. மற்ற ஊர்க்காரர்கள் மரவீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டிக்கொண்டபோது, இவர்களிடம் அதற்குப் பணம் இல்லை. நீங்கள் ரசித்துப் படம் எடுத்த தெரு முழுக்க அந்த வறுமை காப்பாற்றிக் கொடுத்ததுதான். கோணலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓக் மரத்தை ஈரப்பதத்தோடு அறுத்துப் பொருத்துவார்கள். காயக் காய அது வளையும், ஆனால் மர ஆணி அடித்த மூட்டுகள் விடாது.

கேள்வி: கல்லறைமேல் காலைக் குறுக்காகப் போட்டுப் படுத்திருக்கும் வீரர் சிலை என்றால், அவர் சிலுவைப்போருக்குப் போனவர் என்கிறார்களே?

பதில்: கட்டுக்கதை. 13, 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் பாணி அது, அவ்வளவுதான். போருக்கே போகாதவர்களுக்கும் அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள்.

சிலைகள் பக்கம் வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷர் பக்கம் தலையில்லாத தேவதைகளைப் பார்த்தால் வில்லியம் டௌசிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போர் நடந்த 1643, 1644-இல் விக்கிரக வழிபாட்டுச் சின்னங்களை ஒழிக்கும் உத்தரவோடு ஊர் ஊராகப் போனவர். எங்கே எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதினார். உடைத்ததற்குக் கட்டணமாகப் பல தேவாலயங்களிடம் 6 ஷில்லிங் 8 பென்ஸ் வாங்கினார். உடைக்கவும் காசு!

கேள்வி: சென்னையிலிருந்து கேட்கிறேன் சார். அங்கே கிராமத் தேவாலயங்களில் மெட்ராஸோடு தொடர்புள்ளது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, நான் விரும்பிச் சொல்லும் கதை அது. சால்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட்-சப்-காஸில் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தேவாலயக் கோபுரத்தில் தாமஸ் பிட் என்ற பெயர், நன்கொடையாளர் என்ற பட்டம், 1711 என்ற ஆண்டு மூன்றையும் பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த அதே பிட்தான். இளவயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்து அதோடு மோதியவர். கடைசியில் கம்பெனியே அவருக்குப் பதவி கொடுத்தது.

மெட்ராஸில் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கினார். 1717-இல் அதைப் பிரான்சில் சிறுவயது அரசர் சார்பில் ஆட்சி செய்துவந்தவருக்கு விற்றார். இப்போது அது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைரத்தை விற்பதற்கு முன்பே கோபுரம் எழுந்துவிட்டதால், வைரம் விற்ற பணத்தில் கட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தச் சிற்றூரை ஒட்டித்தான் ஓல்டு சாரம் இருக்கிறது. குடியிருப்பவரே இல்லாத அந்த மேடு 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அதையும் பிட் குடும்பம் வாங்கி வைத்திருந்தது. பிற்காலத்தில் பிரதமரான பேரன் வில்லியம் பிட் 1735-இல் முதலில் உறுப்பினரானது அந்தத் தொகுதியில்தான். கோபுரத்தில் 'நன்கொடையாளர்' மட்டும்தான் இருக்கிறது, இதெல்லாம் இல்லை.

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டுஷரில் ஸ்டோக் ரோ என்ற ஊரில் நம்மூர்க் கலைப்பாணியில் ஒரு கிணறு பார்த்தேன். யார் கட்டியது?

பதில்: காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். அந்த ஊர்ப் பக்கத்துக்காரரான எட்வர்ட் ரீட் இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். அந்த ஊர் இருக்கும் சில்டர்ன் மலைப்பகுதியின் தண்ணீர்க் கஷ்டத்தை மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். மகாராஜா பணம் தந்தார், 1864-இல் கிணறு திறக்கப்பட்டது. ஆழம் 368 அடி. எல்லாம் கையால் தோண்டியது. மேலே குவிமாடம், கீழே சிறிய யானைச் சிலை. காலனி காலத்தில் தர்மம் இந்தத் திசையிலும் போயிருக்கிறது.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீடு பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் பட்டியலில் 'கிரேடு 2' பிரிவில் இருக்கிறது. ஜன்னலை மாற்றலாமா அண்ணா?

பதில்: உள்ளூர் கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள் தம்பி. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். பட்டியல் குறிப்பில் ஜன்னலைப் பற்றி எதுவும் இல்லையென்றாலும் பாதுகாப்பு அதற்கும் சேர்த்துத்தான், வீட்டின் உட்புறத்துக்கும்தான். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும் வேலையும் உங்கள்மேல் வரலாம். முதலில் கவுன்சிலில் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தேவாலயம் வாரநாளில் பூட்டியே இருக்கிறது. எப்படிப் பார்ப்பது, எதைப் பார்ப்பது?

பதில்: வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் சாவி யாரிடம் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேளுங்கள், சந்தோஷமாகவே காட்டுவார்கள். பளிங்குச் சிலைகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கோபுரத்தின் அடியில், பின்சுவரில் மரப்பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க யார் எவ்வளவு எழுதிவைத்தார்கள், எந்த வயலின் வாடகையிலிருந்து என்றெல்லாம் அதில் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அந்தப் பெயர்களையும் வயலையும் சொல்லிக் கேட்டால், உயிலும் நில வரைபடமும் தேடி எடுக்க அங்குள்ளவர்கள் உதவுவார்கள்.