இரும்புக் கயிறு சொல்லும் பூர்வீகம்

கேள்வி: அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளில், இரும்புக் கயிற்றில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டைக்கூடப் பழையதாக வாங்கி மாட்டுவார்களாமே! அது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள்! உலகின் முதல் நாற்காலி லிஃப்ட்களில் ஒன்றே அப்படிக் கைமாறியதுதான். 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் அவை ஓடத் தொடங்கின. வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கரன். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கயிற்றைப் பார்த்தவர், தார் தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். என்ன அருமையான மூளை! அங்கிருந்து ஒரு லிஃப்டை 1940-களின் கடைசியில் மிச்சிகனின் பாயின் மவுன்டன் பனிச்சறுக்கு மையம் வாங்கியது. ஒருவர் உட்காரும் நாற்காலிகள் அங்கே இருவர் உட்காருபவையாக மாறின.

அதனால்தான் சொல்கிறேன், நாற்காலியை நம்பாதீர்கள். இருக்கையும் பெயின்ட்டும் எளிதில் மாறும். நாற்காலி கயிற்றைப் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். லிஃப்ட் தயாரித்துவந்த ஸ்போக்கேன் நகரின் ரிப்லெட் நிறுவனம் தன் கிளிப்பை இரும்புக் கயிற்றின் புரிகளுக்குள்ளேயே செருகிவந்தது. இருவர் நாற்காலி என்றால் நடுவில் ஒரே கம்பி. இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலும் ரிப்லெட்தான்.

அடுத்து, லிஃப்டை ஓட்டும் கியர்பாக்ஸின் மேலுள்ள தகடு. அதிலுள்ள வரிசை எண்ணை எழுதிக்கொண்டு பதிவேடுகளைத் தேட வேண்டும். கொலராடோவில் இத்தகைய லிஃப்ட்களுக்கென்றே அரசு பாதுகாப்பு வாரியம் 1965 முதல் இருக்கிறது. தூண்களில் பழைய எண்ணின் மேல் புது எண் எழுதியிருந்தால் விடாதீர்கள்; முந்தைய மலையில் அது எத்தனையாவது தூண் என்பதும் தெரிந்துவிடும்.