முப்பது வீடுகள் உள்ள ஊருக்குப் பஸ் வருமா?

கேள்வி: எங்கள் ஊரில் மொத்தம் முப்பது வீடுகள்தான். இவ்வளவு சிறிய ஊருக்குத் தார்ச்சாலையும் பஸ்ஸும் கிடைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் உங்கள் ஊரின் தலைக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இதே போன்றதோர் ஊரில் பிறந்தவள் நான்.

முதலில் சாலை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோதே சமவெளியில் 500 பேர், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்திலும் சமவெளிக்கு அதே 500தான். அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. ஆனால் அந்தத் திட்ட விதிகளிலேயே பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அரை கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கணக்கிடலாம். ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி என்று பதிவேட்டில் தனித்தனியாக இருந்தால், ஒன்றாகக் கணக்கிடக் கோரி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அப்போதும் எட்டவில்லை என்றால் ஊராட்சி ஒன்றிய நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி என்றுதான் போக வேண்டும்.

பஸ் விஷயத்தில் இத்தனை பேர் என்ற வரம்பு குறுக்கே நிற்பதில்லை, வசூல்தான் நிற்கிறது. எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் விட்டார்கள், சில மாதங்களில் நிறுத்தியும் விட்டார்கள். வசூல் இல்லையாம். எப்படி இருக்கும்? பஸ் வந்தது காலை பத்தே முக்காலுக்கு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் விடியும்போதே, ஊர்ப் பாதை பிரியும் விலக்குக்கு நடந்துவிடுவார்கள். பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஏழரைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பும் டிரிப் மாலை மூன்று மணிக்கு. பள்ளி விடுவதோ நாலேகாலுக்கு. ஏற ஆளில்லாத நேரத்தில் வந்து போய்விட்டு, ஊரில் ஆளே இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதனால் மனுவில் "எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வழியில் எந்தெந்த ஊர்கள், ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் எத்தனை பேர் ஏறுவார்கள், பள்ளி எத்தனை மணிக்கு, சந்தை எந்தக் கிழமை என்பதையெல்லாம் எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கைக்குத் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வாங்குங்கள். புதிய பஸ் கேட்பதைவிட, பக்கத்தில் ஓடும் பஸ்ஸை உங்கள் ஊருக்குள் வந்து திரும்பச் சொல்வது எளிது. டிப்போவின் கிளை மேலாளருக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கு ஒன்று.

மினி பஸ்ஸும் கேட்கலாம். 1997-இல் வந்த திட்டத்தை விரிவாக்கி 2025 ஜூனில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். ஆனால் அதை நடத்துவது தனியார். 2021 மே முதல் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். ஆகவே காலையிலும் மாலையிலும் ஒரு டிரிப்பாவது அரசு பஸ் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"ஊரே காலியாகிறதே, அதற்கு எதற்கு பஸ்?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பாதி, பெண்பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்ததும் டவுனில் வாடகைக்குப் போனவர்களுடையவை. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் காட்டுப் பாதையில் தனியாக அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இதையும் மனுவில் எழுதுங்கள். சாலைக்குத் தலைக்கணக்கு பார்ப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான்; அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. கணக்கெடுப்பாளர் வரும்போது ஊரில் யாராவது கூடவே நடந்து, தோட்டத்து வீடுகள் வரை காட்டிக் கொடுங்கள்.