உடைந்த சமச்சீர்மையும் பேசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிகக் கனத்த துகள் ஒன்று செல்லும் பாதையைக் குறிக்கும் வில்சன் கோடு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு சந்தேகம். வெளியில் ஒரு கோட்டைப் போட்டதுமே சமச்சீர்மையில் பாதி போய்விடுகிறது என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, சமச்சீர்மைதான் அந்தக் கோட்டைக் கட்டுப்படுத்துகிறது என்கிறீர்கள். போனது எப்படிக் கட்டுப்படுத்தும்?

இயற்பியல் முதுகலை மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மிச்சமிருக்கும் பாதி கட்டுப்படுத்துகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் போன பாதியும் பேசும். இந்தத் துறையில் என்னைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து, விளிம்புக்கு விளிம்பு ஒரு கோடு போடுங்கள். கோட்டை அதன் திசையிலேயே நகர்த்தினால் வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் நகர்த்தினால் தெரியும். அந்தச் சமச்சீர்மை உடைந்துவிட்டது. குவாண்டம் புலக்கோட்பாட்டில் உடைந்தது சுவடில்லாமல் போவதில்லை. கோட்டை அசைப்பதற்கென்றே ஓர் ஆபரேட்டர், அதாவது ஒரு கணிதச் செயலி, அதன்மேல் வந்து உட்காருகிறது. நான்கு பரிமாண வெளியில் நேர்க்கோட்டுக்குப் பக்கவாட்டுத் திசைகள் 3. எனவே ஆபரேட்டர்களும் 3. கோட்டை நகர்த்திய தூரம் ஒரு நீளம். கோடு நெடுகத் தொகையிடுவது இன்னொரு நீளம். விடை அலகற்ற எண்ணாக வரவேண்டுமானால் ஆபரேட்டரின் அளவுப்பரிமாணம், அதாவது நீள அளவை மாற்றும்போது அது எத்தனை மடியாக மாறுகிறது என்ற எண், 2 ஆகத்தான் இருக்கமுடியும். புலங்கள் ஒன்றையொன்று பாதிக்கும் அளவான இணைப்பு வலிமையை எவ்வளவு கூட்டினாலும் அது அசையாது.

இப்போது, மிகுந்த சமச்சீர்மை கொண்ட புலக்கோட்பாடான என்=4 யாங்-மில்ஸ் கோட்பாட்டுக்கு வாருங்கள். துகளின் இரு வகைகளான போசானையும் ஃபெர்மியானையும் ஒன்றையொன்றாக மாற்றும் சமச்சீர்மைகள்தான் சூப்பர்சார்ஜ்கள். அதன் 32 சூப்பர்சார்ஜ்களில் 16-ஐ, வில்சன் கோட்டின் ஒரு சிறப்பு வகையான மால்டசேனா-வில்சன் நேர்க்கோடு காப்பாற்றுகிறது. 6 ஸ்கேலார் (திசையற்ற) புலங்களில் கோடு ஒன்றோடு மட்டும் சேர்கிறது. அதை மற்ற 5-ன் பக்கம் திருப்பும் சுழற்சிகள் உடைகின்றன. கோணத்துக்கு அலகு கிடையாது, ஆகவே அந்த 5-ன் அளவுப்பரிமாணம் சரியாக 1. இந்த 3-ஐயும் 5-ஐயும், 8 ஃபெர்மியான்களையும் சேர்த்து ஒரே குடும்பமாகக் கட்டுவது தப்பிய 16 சூப்பர்சார்ஜ்கள்.

கட்டியதன் பலன் பெரிது. இவை ஒவ்வொன்றும் கோட்டின்மேல் தன்னோடு எவ்வளவு வலுவாகத் தொடர்புறுகிறது என்பதைச் சொல்ல, குடும்பம் முழுவதற்கும் ஒரே ஒரு அளவெண் போதும். கோட்டின் வழியே செல்லும் அந்தக் கனத்த துகளை மெல்ல உலுக்கினால் எவ்வளவு ஆற்றல் கதிர்வீசும் என்பதையும் அதே எண் சொல்கிறது. நேர்க்கோட்டுக்குப் பதில் வட்டமாக மூடிய வில்சன் கோடான வட்ட வில்சன் கண்ணியின் மதிப்பை இயற்பியலாளர் பெஸ்டுன் 2007-இல் துல்லியமாக நிறுவியிருந்தார். அதிலிருந்தே இந்த எண்ணை எல்லா இணைப்பு வலிமைக்கும் எடுக்கலாம் என்று கோரியா, ஹென், மால்டசேனா, செவர் நால்வரும் 2012-இல் காட்டினார்கள்.

கோடு தேர்ந்துகொண்ட அந்த ஆறாவது புலம் மட்டும் தனி. ‘வண்ணங்கள்’ எனப்படும் மின்னூட்ட வகைகள் மிகப் பலவாகும் எல்லையில், அதன் அளவுப்பரிமாணம் மெலிந்த இணைப்பில் 1-இல் தொடங்கி, வலுக்க வலுக்க 2-ஐ நோக்கி ஏறுகிறது. எந்தச் சமச்சீர்மை உடைந்து அது வந்தது என்று தேடிப் பாருங்கள். எதுவும் கிடைக்காது.