கேள்விகள் உங்களது: மொட்டை, பூட்ஸ், ஆர்மோனியம்

லண்டன்ல படிக்கிற என் அண்ணன் பையன் தலைய ஒட்ட வெட்டிக்கிட்டு, பெரிய பூட்ஸ், சஸ்பெண்டர் எல்லாம் மாட்டி போட்டோ அனுப்பிருக்கான். கேட்டா 'நான் ஸ்கின்ஹெட்'ங்கறான். அவனுங்க நம்மள மாதிரி ஆளுங்கள அடிக்கிற கும்பல் இல்லையா சார்?
(வாசகர், கோவை)

நீங்க பயப்படுறதுல தப்பே இல்ல, ஆனா அது பாதிக் கதைதான். 1948ல விண்ட்ரஷ் கப்பல் வந்ததுலேருந்து ஜமைக்கா மாதிரி தீவுகள்ல இருந்து நிறைய குடும்பங்க இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தாங்க, அவங்க வீட்டுப் பசங்க ஸ்கா, ரெக்கேன்னு ஜமைக்கா பாட்டுக்கு ஆடுனத பாத்து பக்கத்துத் தெரு வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பசங்களும் கூட சேந்து ஆடுனாங்க, டிரஸ்ஸையும் கொஞ்சம் காப்பி அடிச்சாங்க, அப்படி 1960கள் கடைசியில வந்தவங்கதான் ஸ்கின்ஹெட். 1969ல டெஸ்மண்ட் டெக்கரோட 'இஸ்ரேலைட்ஸ்' பாட்டு அங்க நம்பர் ஒன். சிமாரிப்னு ஒரு கருப்பர் குழு இந்த மொட்டைப் பசங்களுக்காகவே பாட்டு போட்டாங்க.

சரி, அப்ப நல்ல பசங்களான்னா, அதான் இல்ல. அதே காலத்துல இவங்கள்ல பல பேர் கிழக்கு லண்டன்ல நம்ம துணைக்கண்டத்து ஆளுங்கள தேடித் தேடி அடிச்சாங்க, அதுக்கு 'பாக்கி பாஷிங்'னு (பாகிஸ்தானிய அடிக்கிறதுன்னு) பேரு வேற. பாகிஸ்தானியா, இந்தியனா, பெங்காலியான்னெல்லாம் யாரும் கேக்கல. ஜமைக்காக்காரன் கூட வந்து ஆடுனான், இங்கிலீஷ் பேசுனான், அவன ஏத்துக்கிட்டாங்க. வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுற, வேற பாஷை பேசுற, வேற சாப்பாடு சாப்பிடுற குடும்பத்த ஏத்துக்கல. ஒருத்தர் பாட்டு புடிச்சா ஆளையும் புடிச்சிடும்னு சொல்றவங்கள நான் நம்புறதே இல்ல, காரணம் இதுதான்.

70கள் கடைசியில வேலையில்லாத் திண்டாட்டம், நேஷனல் ஃப்ரண்ட்ங்கற இனவெறிக் கட்சி உள்ள புகுந்து ஆள் சேத்துச்சு, பேரு நாறிப்போச்சு. 1981 ஜூலைல, ஆசியர்கள் நெறைய இருக்குற லண்டன் சவுத்தால்ல, ஒரு பப்ல ஸ்கின்ஹெட் கூட்டத்துக்கு கச்சேரி வெச்சாங்க, வந்தவங்க வம்பிழுக்க, உள்ளூர் ஆசியப் பசங்க திரண்டு வந்து அந்த பப்பையே கொளுத்திட்டாங்க. எதிர்ப்பக்கமும் ஆள் இருந்தாங்க, 1979ல கவன்ட்ரியில ஜெர்ரி டாமர்ஸ் ஆரம்பிச்ச டூ டோன் இசைத்தட்டு கம்பெனி கருப்பு வெள்ளை கலந்த இசைக் குழுக்களா இறக்குச்சு, 1987ல நியூயார்க்ல இனவெறிய எதிர்க்கிற ஸ்கின்ஹெட்டுங்களே ஷார்ப்னு தனி அமைப்பு கட்டுனாங்க.

பையன்கிட்ட என்ன பாட்டு கேக்குறன்னு கேளுங்க. டெக்கர், இல்ல டாமர்ஸோட குழு ஸ்பெஷல்ஸ்னா கவலைய விடுங்க. ஸ்க்ரூட்ரைவர்னு சொன்னாத்தான் உக்காந்து பேசணும், அது நாஜி பாட்டுக் கோஷ்டி. (நம்ம கலர்ல ஒருத்தன அவனுங்க சேத்துக்கவும் மாட்டானுங்க!)

'எத்னோசென்ட்ரிஸம்'னு அடிக்கடி எழுதுறீங்களே, அப்படின்னா?
(வாசகி, தஞ்சாவூர்)

நம்ம கூட்டம்தான் நடு சென்டர், மத்தவன் எல்லாரையும் நம்ம அளவுகோல வெச்சே அளக்குறது. அமெரிக்கர் வில்லியம் சம்னர் 1906ல எழுதுன புத்தகத்தாலதான் வார்த்தை பரவுச்சு. பெங்களூரு போயிட்டு வந்து 'அங்க சாம்பார்ல வெல்லம் போடுறாங்கப்பா, அது ஒரு சாம்பாரா'ன்னு நம்ம கேக்குறோமே, அதோட சின்ன சைஸ்.

பொண்ணு எப்பப்பாரு கொரியன் பாட்டுதான். நம்ம கலாச்சாரம் என்னாகுறது?
(வாசகர், மதுரை)

ஐரோப்பாவுல பொறந்த ஆர்மோனியம் நம்ம இசைக்கு ஒத்து வராதுன்னு 1940ல ஆல் இந்தியா ரேடியோ தடை போட்டுச்சு. சுதந்திரம் வந்தப்புறமும் தூக்கல, 1971ல தான் தளர்த்துனாங்க. இதுல காமெடி, 'இந்திய இசைய இந்தப் பொட்டி கெடுக்குது'ன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதுனவர்கள்ல ஒருத்தர் ஜான் ஃபவுல்ட்ஸ், பக்கா இங்கிலீஷ்காரர், ரேடியோவுல மேற்கத்திய இசைய பாத்துக்கிட்டவர். அதே ஐரோப்பாவுலேருந்து வந்த வயலின் மட்டும் அந்த முப்பது வருஷமும் ஜம்முனு கர்நாடகக் கச்சேரி பண்ணிட்டு இருந்துச்சு, அத யாரும் ஒண்ணும் சொல்லல. பொண்ணு கேக்கட்டும் சார், பரீட்சை டைம்ல மட்டும் வால்யூம கொறைக்கச் சொல்லுங்க.