காலேஜ் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி எடுக்க முடியுமா? என்.சி.சி. போதுமா?

பெருந்துறைப் பக்கம் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் கல்லூரியிலேயே ராணுவப் பயிற்சி கொடுத்து, பட்டம் வாங்கும்போதே அதிகாரியாக்கி விடுகிறார்களே, நம்ம ஊர் என்.சி.சி.யும் அதுதானா என்பது கேள்வி. கணக்கு சுமார்தான், அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், வீட்டுக்கு ஒரே பையன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அது வேறு, இது வேறு தம்பி. அங்கே இருப்பது ஆர்.ஓ.டி.சி. 1916-இல் சட்டம் போட்டு ஆரம்பித்தது. பாடத்தோடு பாடமாக ராணுவ வகுப்பு, கோடையில் முகாம், உதவித்தொகை வாங்கினால் இத்தனை வருடம் படையில் இருப்பேன் என்று கையெழுத்து. முடித்தால் செகண்ட் லெப்டினன்ட். நம் என்.சி.சி. 1948-ஆம் வருடச் சட்டத்தில் வந்தது. சேர்ந்தவர் ராணுவத்துக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடித்தால் பதவி என்ற உறுதியும் இல்லை. அதிகாரியாக்கும் பயிற்சியே பட்டம் முடித்த பிறகுதான், சென்னைப் பரங்கிமலையிலோ டேராடூனிலோ. கல்லூரி நாட்களில் உங்களால் முடிவது அந்தத் தேர்வுக்குத் தயாராவது.

நான் கோபிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆசிரியர். என்.சி.சி.யும் என் பொறுப்பு. நாக்பூர்ப் பக்கம் காம்ப்டியில், என்.சி.சி. ஆசிரியர்களுக்கான பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்ததால் ஊரில் என்னை நிஜ லெப்டினன்ட் என்று நம்புகிறவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் "மிலிட்டரிக்குப் போறேன்" என்றாலே ஆள்சேர்ப்பு முகாமில் ஓடுவதைத்தான் நினைக்கிறார்கள். அது சிப்பாய்க்கான வழி. அதிகாரி வழி தனி. பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கதவு. ஒன்று, யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு, கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம். டேராடூன் ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு என்று மூன்று தாள். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும். கணக்குத் தாளே கிடையாது. உங்களுக்கு அதுவே நிம்மதியாக இருக்கும். ஆனால் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வெட்டு விழும், கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.

இன்னொரு கதவு என்.சி.சி. சிறப்பு நுழைவு. என்.சி.சி.யின் கடைசித் தேர்வான 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டத்தில் 50 சதவீதம், 19 முதல் 25 வயது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்கு, அதாவது ஆளை நேரில் வைத்துச் சோதிக்கும் தேர்வு வாரியத்துக்குப் போகலாம். இடங்கள் குறைவு, தேர்வானால் பயிற்சி ஓ.டி.ஏ.வில். பொறியியல், சட்டம் படிப்பவர்களுக்குத் தனித்தனி வழி உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை.

ஆக, என்.சி.சி. தருவது ஒரு தேர்வைத் தாண்டிப்போகும் வசதி. அதையும் முழுசாக வாங்கியாக வேண்டும். பரேடு முடிந்ததும் கொடுக்கும் டிபனுக்காகவே வரும் ஒரு கூட்டம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். ஆனால் இரண்டாம் வருடம் 'பி' தேர்வு முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். மூன்றாம் வருடம்தான் 'சி'. வருகைப்பதிவும் முகாமும் குறைந்தால் தேர்வு எழுதவே விட மாட்டார்கள்.

ஓட்டம் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதில் கவலையே இல்லை. கீழ்பவானி வாய்க்கால் கரையில் விடிகாலையில் ஓடிப் பழகிய பையனுக்கு, காட்டில் வேலை செய்து வளர்ந்த பெண்ணுக்கு, உடம்பு பெரிய தடை இல்லை. கயிறு ஏறுவதையும் தாண்டுவதையும் முகாமிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

நம் பிள்ளைகள் தோற்பது வாயில்தான்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். இங்கிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூர். முதல் நாளே வடிகட்டல். அறிவுத்திறன் கேள்விகள் முடிந்ததும் மங்கலான படம் ஒன்றை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். அப்புறம் பதினைந்து பேர் போல வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் அவரவர் கதையைச் சொல்லி, எல்லோருமாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். வட்டம் இரண்டாவது நிமிடத்திலேயே சந்தைக்கடை ஆகிவிடும். டெல்லிப் பக்கத்துப் பையன்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து அடிப்பார்கள். நம்மவர்கள் வீட்டில் நாலு பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள். நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு முறை வரட்டும் என்று காத்திருப்பார்கள். முறை வராது. அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு.

ஆங்கிலம் தெரியாததால் என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. உடைந்த ஆங்கிலத்தில் நாலு வரி தெளிவாகப் பேசியவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். கான்வென்ட் ஆங்கிலத்தோடு வாய் மூடி இருந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். அதனால் பரேடு முடிந்ததும் என் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் வட்டமாக உட்கார வைத்துவிடுவேன். செய்தித்தாளில் கத்தரித்த ஒரு படம், 4 நிமிடம், ஒரு கதை. முதல் மாதம் சிரிப்புதான். அப்புறம் கத்தாமல் இடையில் நுழைவது எப்படி, அடுத்தவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுவது எப்படி என்று தானாக வந்துவிடும். கல்லூரியில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய பயிற்சி எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் நாள் உளவியல். படங்களுக்குக் கதை, 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம், 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம், கடைசியில் அப்பா அம்மா, ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அப்புறம் மைதானத்தில் குழுப் பணிகள், ஒரு நேர்காணல். உளவியல் நிபுணர், மைதான அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் ஒரே 15 குணங்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால் தனித்தனியாக. கடைசி நாள் கான்ஃபரன்ஸில் உட்கார்ந்து ஒப்பிடும்போது, தாளில் வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றியவன் மைதானத்தில் மரப்பலகையைப் பிடிக்கக்கூடக் கை கொடுக்கவில்லை என்றால் தெரிந்துவிடும். கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் கட்டி மனப்பாடம் செய்த கதைகள் அங்கே விலைபோகாததற்குக் காரணம் இதுதான். சி.டி.எஸ். எழுத்துத் தேர்வுக்குக் கோச்சிங் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேர்காணலில் அவர்கள் தோண்டுவது உங்கள் வீட்டையும் ஊரையும். அந்தியூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரிடம் மஞ்சள் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டிருக்கிறார்கள். வேகவைப்பது, பாலிஷ் போடுவது, மண்டி, கிடங்கில் போட்டு விலைக்குக் காத்திருப்பது என்று அவர் பாட்டுக்குப் பேசியிருக்கிறார். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் விடவில்லை. ஆள் ரெக்கமெண்டட். அதே பேட்ச்சில் போன இன்னொருவருக்கு நாட்டின் ஏவுகணைகள் எல்லாம் மனப்பாடம், தன் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த அணையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தறி இருக்கிறது. நூல் விலை, மின் கட்டணம், கூலி ஒப்பந்தம் எல்லாவற்றையும் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் வெளியூர் போன வாரம் கூலிப் பட்டுவாடாவை நீங்களே பார்த்தது, மாரியம்மன் நோம்பிக்கு வரி வசூலித்துக் கணக்கு ஒப்படைத்தது, இதெல்லாம்தான் அங்கே பேச வேண்டிய சரக்கு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். "ஏனுங்க சார், ஒத்தப் பையனுங்க. தறிய யாரு பாக்கறதுங்க?" என்று கேட்காத அப்பா எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஓ.டி.ஏ. வழியாகப் போவது குறுகிய காலப் பணி. 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. முப்பத்தைந்து வயதுக்குள் வெளியே வந்து தறி ஓட்டுகிறவனைத் தடுக்க ஆளில்லை என்று சொல்வேன். நிரந்தரப் பணி கேட்கவும் வாய்ப்பு உண்டு, அதை அந்த நேரத்தில் சொல்ல மாட்டேன். 49 வாரப் பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு என்றதும் ஒரு அப்பா, "படிக்கறதுக்கேங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த கேள்வி, பொண்ணு குடுப்பாங்களா என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெண்களும் இதே ஓ.டி.ஏ.வுக்கு இரண்டு கதவு வழியாகவும் போகலாம். அங்கே 1992-இலிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரப் பணியும் திறந்திருக்கிறது. உங்கள் வகுப்புத் தோழிகள் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

உடல் தகுதியை இந்த வருடமே ஒரு முறை பார்த்துவிடுங்கள். எஸ்.எஸ்.பி. எல்லாம் தாண்டி மெடிக்கலில் நிறப் பார்வை, தட்டைப் பாதம், முட்டி தட்டுதல் என்று நின்றுபோவது பெரிய கொடுமை. நெஞ்சிலோ தோளிலோ தீரன் சின்னமலையைப் பச்சை குத்தும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்கையின் உள்பக்கம், கையின் பின்பக்கம் தவிர வேறு இடத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் சிக்கல்.

உங்கள் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலாம் ஆண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும். இரண்டாம் வருடம் யோசித்தால் 'சி' வரை போக வருடம் போதாது. இல்லையென்றால் சி.டி.எஸ்.தான். ஆங்கிலச் செய்தித்தாளை இன்றிலிருந்து வாசிக்க ஆரம்பியுங்கள், அதுவும் சத்தமாக. தறிச் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் கேட்காது.