சுவரில் இருக்கும் படம்

கேள்வி: எனக்கு 22 வயது. கிளிநொச்சி தருமபுரத்தில் வசிக்கிறேன். பாடசாலைக் காலத்திலிருந்தே, எக்ஸ்-மென் என்ற ஆங்கிலப் படங்களில் வரும், கையிலிருந்து நகம் நீளும், பழைய வாழ்க்கை நினைவில்லாத வுல்வரின் பாத்திரத்தின் தீவிர இரசிகன். எக்ஸ்-மென் வரிசையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவனுடைய முன்கதையைச் சொல்லும் ‘எக்ஸ்-மென் ஒரிஜின்ஸ்: வுல்வரின்’ (2009 மே 1 இல் வெளியானது) படத்தை மட்டும் கடைசியாகப் பார்க்கவென்று வைத்திருந்தேன். சென்ற மாதம், வயலால் வந்த அப்பாவையும் இருத்தி, 2009க்குப் பிறகு இல்லாமல் போன சித்தப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கும் பிளக் பொயின்ற்றில் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தேன். படம் என்னை மிகவும் ஏமாற்றிவிட்டது. இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவோ பத்து நிமிடத்திலேயே எழும்பி வெளியே போய்விட்டார். அவருக்கு இப்படியான படங்கள் விளங்காது. அன்றிலிருந்து ‘சினிமாப் பைத்தியம்’ என்று ஏசுகிறார். என்னுடைய கவலையை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: தம்பி, உமது கடிதம் நான்கு பக்கங்கள், இடம் காணாது என்பதால் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். மூன்றரைப் பக்கங்களில் அந்தப் படத்தின் பிழைகளை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறீர். அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று வரி. சித்தப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பிளக் பொயின்ற். நான் அந்தப் பிளக் பொயின்ற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

படத்தைப் பற்றி உம்மோடு எனக்கு வழக்கு இல்லை. அக்காவின் மகன் பிடித்து இருத்தியதால் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். 1974 இல் சித்திரக்கதையில் அறிமுகமான ஒருவனுடைய பிறப்பையும் இளமையையும் 2001 வரைக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்றும், அந்த மறைவில்தான் அவனுடைய கவர்ச்சி இருந்தது என்றும், கழுத்தில் ஒரு தகட்டைத் தவிர தன்னைப் பற்றிய எந்தத் துப்பும் இல்லாமல் அலைந்தவனுடைய மறதிக்குத் தலையில் சுட்ட உலோகக் குண்டைக் காரணமாகக் காட்டியது மலிவான வேலை என்றும் நீர் எழுதியிருப்பது நியாயம்தான். இந்தப் படத்தில் வரும் விக்டர் அவனுடைய அண்ணன் என்றால், 2000ஆம் ஆண்டில் வந்த முதல் எக்ஸ்-மென் படத்தில் இருவரும் முன்பின் அறியாதவர்கள் போல அடிபட்டது எப்படி என்ற கேள்விக்கும் அதை எடுத்தவர்களிடம் ஒழுங்கான மறுமொழி இல்லை. ஓயாமல் கதைக்கும் டெட்பூல் என்ற ஒருவனைக் கொண்டுவந்து கடைசியில் அவனுடைய வாயையே தைத்துவிட்ட அநியாயத்தை என்னாலும் பொறுக்க முடியவில்லை. அவனையே நாயகனாக்கி 2016 இல் வந்த டெட்பூல் படத்தில் அதை அவர்களே பகிடி பண்ணிவிட்டார்கள். அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

இனி உமது வீட்டுக்கு வருவோம். மடிக்கணினியின் வயர் மூன்று நான்கு முழத்துக்கு மேல் நீளாது. ஆகவே அதைச் சுவரோடு ஒட்டித்தான் வைத்திருப்பீர். அப்பாவின் கதிரையிலிருந்து பார்த்தால் கீழே திரையும் மேலே அவருடைய தம்பியின் முகமும் ஒரே பார்வைக்குள் வந்திருக்கும். திரையில் என்ன ஓடியது? அண்ணனும் தம்பியுமாக இரண்டு சிறுவர்கள் இரவில் காட்டுக்குள் ஓடுகிறார்கள். இனி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருள்பட மூத்தவன் இளையவனுக்குச் சொல்கிறான். ஆங்கிலம் தெரியாதவருக்கும் அந்தக் காட்சி விளங்கும். பிறகு எழுத்தோட்டம் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர், முதலாம் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், வியட்நாம் என்று நான்கு போர்களுக்குள்ளாலும் அந்த இருவரும் தோளோடு தோள் சேர்ந்து ஓடிவருகிறார்கள்; குண்டு பட்டு விழுந்தாலும் எழும்பி வருகிறார்கள். அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவரும் ஓர் அண்ணன். அவர் எழும்பிப் போனது அந்த இடத்தில்தான். பத்து நிமிடம் என்று கணக்குச் சொன்னவர் நீர்.

‘அவருக்கு இப்படியான படங்கள் விளங்காது’ என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் படத்தில் விளங்குவதற்கு ஏதாவது இருந்ததென்றால், அது முழுவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவருக்கு விளங்கிவிட்டது. மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் அசையாமல் இருந்து பார்த்தவர் நீர். நகம் எலும்பா உலோகமா என்பதைத் தவிர வேறொன்றும் உமக்குத் தட்டுப்படவில்லை.

‘2009க்குப் பிறகு இல்லாமல் போன’ என்று எழுதியிருக்கிறீர். எப்படி இல்லாமல் போனார்? இறந்துபோனவர் என்றால் நாள் தெரியும், திவசம் இருக்கும், படத்துக்கு மாலையும் பொட்டும் இருக்கும். மாலையும் போடாமல், பொட்டும் வைக்காமல், வெள்ளிக்கு வெள்ளி தூசி மட்டும் துடைத்து வைத்திருக்கும் படங்கள் வன்னியில் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன. உமது வீட்டுப் படம் எந்த வகை என்று எனக்கு எழுதவில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் எழுதியிருப்பீர் என்று நினைக்கிறேன். மாலை இல்லையென்றால், உமது அப்பா 16 ஆண்டுகளாக ஒரு முடிவைத் தன் வாயால் சொல்ல மறுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த மறுப்புக்கு நேர்கீழே கொண்டுபோய் நீர் வயரைச் செருகியிருக்கிறீர்.

வெளியீட்டுத் திகதியை மறக்காமல் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதையும் கவனித்தேன். 2009 மே 1 ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சனம் சீட்டெடுத்து அந்தப் படத்துக்குப் போய்க்கொண்டிருந்த அன்று, இங்கே யுத்தம் முடிய இன்னும் 17 நாட்கள் இருந்தன. அப்போது உமக்கு ஆறு வயது, முள்ளிவாய்க்காலில் இருந்தீர், ‘ஒன்றும் பெரிதாக நினைவில்லை’ என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீரே எழுதியிருக்கிறீர். யார் உம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? பங்கருக்குள் யார் உமக்கு மேல் கவிழ்ந்து படுத்தார்கள்? அது சித்தப்பாவாகவும் இருக்கலாம். நினைவில்லாத ஒருவன் தன்னுடைய முன்கதையைத் தேடி நாடு நாடாக அலைவதை இத்தனை படங்களில் பார்த்து உருகிய நீர், உம்முடைய முன்கதையை முழுக்க அறிந்த மனிதர் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா தானாக ஒன்றும் சொல்வதில்லையே என்று மறுமொழி எழுதுவீர். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். வன்னியிலிருந்து வரும் பிள்ளைகளின் கடிதங்களில் அந்த வரி இல்லாதது குறைவு. அவர் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தீரா? நீர் இரவில் பயமில்லாமல் நித்திரை கொள்ள வேண்டும், பாடம் படிக்க வேண்டும், மற்றப் பிள்ளைகள் போலப் படம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான். திரையில் ஒருவனுடைய வாயைத் தைத்ததற்கு ஒரு பக்கம் கோபப்பட்டு எழுதிய உமக்கு, வீட்டில் ஒருவர் தன்னுடைய வாயைத் தானே தைத்துக்கொண்டு உம்மை வளர்த்தது தெரியாமல் போயிற்று.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, அந்தக் கொட்டிலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஏ9 வீதியால் பேருந்து போகும் ஒவ்வொரு தடவையும் மடியில் இருந்த மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை இன்னும் மறக்கவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினா. பின்பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும், பிறந்த திகதியும், ‘வட்டுவாகல், நீலச் சேர்ட்’ என்று கடைசியாகக் கண்ட இடமும் உடுப்பும் பேனையால் எழுதியிருந்தன. பேரன் வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அவனுக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. நான் கண்ணை மூடினால் இந்த எழுத்து மட்டும்தான் மிச்சம்” என்றா. அந்தக் கொட்டிலில் இருந்த தாய் தகப்பன்மாரில் எத்தனையோ பேர் ஒரு பதிலும் கிடைக்காமலே போய்விட்டார்கள். முதுசமென்று வயலையும் வளவையும் பங்கு கேட்கத் தெரிந்த பிள்ளைகள், அந்த நாலு வரியையும் தங்கள் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. வுல்வரின் 1845 இல் சிறுவனாக இருந்தான் என்பது உமக்குத் தெரியும். சித்தப்பா பிறந்த ஆண்டு தெரியுமா? எந்தப் பாடசாலையில் படித்தார்? அவரைக் கடைசியாக யார், எங்கே கண்டார்கள்?

ஆகவே உமது கவலையை அப்பாவுக்கு விளங்கப்படுத்த வேண்டாம். அவர் ஏசட்டும், அதில் பிழை காண என்னால் முடியவில்லை. நாளைக்கே அவருக்கு முன்னால் குந்திக்கொண்டு விசாரணைக்காரர் போலக் கேள்வி கேட்கவும் வேண்டாம். அப்படிக் கேட்டவர்களுக்கு அவர் போதிய அளவு பதில் சொல்லியிருப்பார். தொலைபேசியில் பதிவு செய்யும் எண்ணத்தையும் விட்டுவிடும். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது கூடப் போம். வரம்பில் இருக்கையில், சித்தப்பா என்ன படம் விரும்பிப் பார்ப்பார் என்று மட்டும் கேளும். வன்னியில் மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில், ஜெனரேற்றர் பிடித்து ஒரு வளவுக்குள் ஊரே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த இரவுகள் அவருக்கு நினைவிருக்கும். யார் முன்னுக்கு இடம்பிடித்தது, யார் பாதியில் நித்திரையானது என்று தொடங்கினால் தொடங்குவார். தொடங்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியை வாங்கி வாய்க்காலை வெட்டும். அடுத்த நாளும் போம். சொன்னவற்றை வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையும். படத்தின் பிழைகளுக்கு மூன்றரைப் பக்கம் எழுதிய கை அது, வலிக்காது.

மடிக்கணினிக்கு வேறொரு பிளக் பொயின்ற் பாரும். வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறதென்றால், கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் போகும்போது நீளமான எக்ஸ்ரென்சன் கோட் ஒன்று வாங்கிக்கொண்டு வாரும்.