வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள, அதே வழியில் போய் வந்த ஒருவர் துணை கிடைப்பாரா?

உங்கள் இரண்டு பிள்ளைகளும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவால் எட்டு மாதமாக வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பிள்ளையைப் பிரிந்து மீண்டும் சேர்ந்த பெற்றோரே மற்றவர்களுக்குத் துணையாகப் போகிறார்களாம், குமரி மாவட்டத்தில் அப்படி யாராவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. எனக்கு ஒருவர் கிடைத்தார். அவர் இல்லாமல் போயிருந்தால் என் மகன் இன்று என்னுடன் இருந்திருப்பானா என்று எனக்கு உறுதியில்லை.

என் கணவர் இறந்த பிறகு எனக்கு மனம் சரியில்லாமல் போனது. அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போவதை நிறுத்தினேன். பகல் முழுக்கப் படுத்தே கிடப்பேன். ஐந்து வயது மகன் பக்கத்து வீடுகளில் போய்ச் சாப்பிட்டான், சில நாள் அதுவும் இல்லை. ஒரு ராத்திரி மழையில் அவன் தனியாக ரோட்டில் நடந்து போவதைப் பார்த்து யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துவிட்டார்கள். மறுநாளே அவன் நலக் குழு முன்னால் நின்றான். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டு போயாக வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என் பிள்ளையைப் பறித்துவிட்டார்கள் என்பது மட்டும்தான். போன் பண்ணியவர் செய்தது சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எனக்குத் துணையாக வந்த அந்த ஒருவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரைப் பார்த்தது விசாரணைக்குக் காத்திருக்கும் பெஞ்சில். கடற்கரை ஊர்க்காரர். தன் இரண்டு மகள்களும் வீடு திரும்பிய பிறகு, தொடர் விசாரிப்புக்காக வந்திருந்தார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கரையணும்னா இங்க இருந்தே கரைஞ்சு தீர்த்துக்கோ மக்களே. உள்ள போனா பிள்ளைக்கு என்ன வேணும்னு மட்டும் பேசு. யாரையும் ஏசாத" என்றார். அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள், சிலர் திட்டினார்கள். உள்ளே போய் என்ன பேச வேண்டும் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அடுத்து என் கையில் இருந்த உத்தரவை வாங்கி, வரி வரியாக வாசித்துக் காட்டினார். நான் அதை அதுவரை வாசிக்கவே இல்லை. தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-வது பிரிவில் இதைச் சொல்கிறது: பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்பட்டால், பெற்றோர் முறையாகப் போய்ப் பார்க்கலாம். அது பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு நினைத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பெற்றோர் தகுதியான நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை வீடு திரும்பலாம். உங்கள் உத்தரவையும் இன்றே எடுத்து வாசியுங்கள். எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்தக் காரணம் சரியாகிவிட்டது என்று காட்டுவதுதான் இனி உங்கள் வேலை. இன்னொன்று, பிள்ளையை ஒப்படைப்பதாக யாராவது கையெழுத்துக் கேட்டால் வாசிக்காமல் போடாதீர்கள். அப்படி ஒப்படைத்தாலும் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் பிள்ளை தத்துக்குப் போகும் வழி திறந்துவிடும்.

என் விஷயத்தில் காரணம் என் நோய். அக்காதான் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு முதல் தடவை கூடவே வந்தார். மாத்திரைச் சீட்டு, ஒவ்வொரு தேதிக்கும் போய் வந்த ஓபி சீட்டு, வேலைக்குத் திரும்பிய பிறகு சம்பளம் எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் வரிசையாக வைக்கச் சொன்னார். வீட்டுக்கு விசாரிக்க வருபவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கைதான் குழு முன்னால் முக்கியம். அவரிடம் வீட்டைப் பெரிதாகக் காட்ட வேண்டாம், பிள்ளை எங்கே தூங்குவான், நீ வேலைக்குப் போகும் நேரம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டுக்கும் பதில் வைத்திரு என்றார். என் மைனி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதை அவரையே நேரில் வந்து சொல்ல வைத்தோம்.

இனி சொல்லப்போவதுதான் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பிள்ளையைப் பார்க்கப் போகும் நாள்.

மூன்றாவது தடவை போனபோது என் மகன் வளர்ப்புத் தாயை "அம்மா" என்று கூப்பிட்டான். என்னைப் பார்த்து அவள் பின்னால் போய் ஒளிந்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இனி போகவே கூடாது, நான் இல்லாமல் அவன் நன்றாக இருக்கிறான் என்று முடிவு செய்தேன். அடுத்த இரண்டு தடவை போகவில்லை. குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். "தாய் வரவில்லை" என்று கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது அதில் இருக்காது. ஆனால் அக்காவுக்குத் தெரியும், அவருக்கும் அப்படி நடந்திருக்கிறது. அதற்கடுத்த தடவை விடியக்காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீ அவனைப் பார்க்கப் போகல. அவன் உன்னைப் பார்க்கணும்னுதான் போற. எழும்பு" என்றார். ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

அன்று அவன் பக்கத்தில் வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்டி உடைத்த கறை. "வேலைக்குப் போறியாம்மா?" என்று கேட்டான். அந்தக் கறுத்த கையை வளர்ப்புத் தாய் பார்த்துவிடக் கூடாதே என்று நான் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அந்த வளர்ப்புத் தாயை நான் எதிரியாகவே நினைத்திருந்தேன். அக்கா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, பிள்ளையைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுதி அவளிடம் கொடு என்றார். காய்ச்சல் வந்தால் இழுப்பு வரும், சாளை மீன் முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும், இடிக்குப் பயப்படுவான் என்றெல்லாம் எழுதினேன். அடுத்த தடவை அந்த நோட்டில் அவர் எழுதியிருந்தார்: விளக்கு எரிந்தால்தான் தூங்குகிறான், பள்ளியில் அ முதல் ஔ வரை எழுதிவிட்டான். எட்டு ஒன்பது மாதம் அந்த நோட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் போய் வந்தது. உங்களாலும் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அப்புறம், பார்க்கப் போகும்போது "இன்ன நாள் வீட்டுக்கு வந்திடுவ" என்று பிள்ளையிடம் தேதி சொல்லாதீர்கள், "உனக்கு யாரைப் பிடிக்கும்" என்று கேட்காதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது கூடவே கூடாது, பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

அமெரிக்க முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமூகப்பணி படிக்கும் ஒரு பெண் எனக்குச் சொன்னாள். கலிபோர்னியாவில் கான்ட்ரா கோஸ்டா என்ற மாவட்டத்திலும், அயோவா மாநிலத்திலும், பிள்ளைகளைப் பிரிந்து பின் சேர்ந்த பெற்றோரையே சம்பளம் கொடுத்து இந்த வேலைக்கு வைக்கிறார்கள். அங்கே 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிள்ளை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்கச் சொல்லி அரசு நீதிமன்றம் போக வேண்டும். அவ்வளவு நெருக்கும் கெடு இருக்கும் இடத்தில், முதல் வாரமே வந்து கையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்தானே. எங்களுக்குப் பதவியும் சம்பளமும் இல்லை. அக்கா, நான், தக்கலைப் பக்கம் குடியை விட்ட ஒரு அண்ணன், இவ்வளவு பேர்தான். ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஒருநாள் கூட வந்தால் அன்றைய கூலி போகும். அதனால் எல்லாருக்கும் வர முடிவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். இதற்கு அரசு ஒரு வழி செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நாங்கள் செய்யாதது ஒன்று உண்டு. பிள்ளையை அடிக்கும் ஆள் இன்னும் வீட்டில் இருந்தும், இல்லை என்று சொல்லச் சொல்லி ஒரு தாய் என்னிடம் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவரோடு பழகுவதை நான் நிறுத்தவில்லை, அந்த ஆளை விட்டு வெளியே வர எங்கே போகலாம் என்று இன்னும் பேசுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது வீட்டுக்கு வரக் கூடாது என்பதுதான் என் எண்ணம். துணைக்கு வருகிறவர் உங்கள் பக்கம் நிற்பார், பிள்ளைக்கு எதிராக நிற்க மாட்டார். கண்டிப்பாகப் பிள்ளை கிடைத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால், அதற்குப் பணமும் கேட்டால், அவரிடம் போகாதீர்கள். வக்கீல் தேவை என்றால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

என் மகன் பதினான்காவது மாதம் வீட்டுக்கு வந்தான். மூன்று வருஷம் ஆகிறது. வந்த அன்று சந்தோஷம், அடுத்த மூன்று மாதம் கஷ்டம். படுக்கையை நனைத்தான், சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தான், அந்த வீட்டு அம்மாவைக் கேட்டு அழுதான். நான் தோற்றுவிட்டேன் என்று அக்காவுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தேன். "அவன் ரெண்டாவது வீட்டையும் பிரிஞ்சு வந்திருக்கான் பிள்ளே. அந்தம்மாவுக்குப் போன் போட்டுக் குடு, பேசட்டும்" என்றார். பேசினான். விளக்கை எரிய விட்டோம். தூங்கினான். நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போனதும் அக்காதான். கிராமத்தில் வருட வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் கேட்கலாம், நகரத்தில் 96,000. கணவரை இழந்தவர் என்பதால் எனக்குக் கிடைத்தது. உங்கள் நிலை அதில் வருமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அடுத்த விசாரணை வரும் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தின நாளே சீட்டுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள், காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். மார்த்தாண்டம் வழி என்றால் நான் ஒரே பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன்.